சிடி கவருக்குள் வந்த கடிதம்

ராகலை வீடியோ நானா போய்விட்டார். காலையில் தங்கச்சிதான் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தாள்.

நானுஓயாவிலிருந்து பஸ் பிடித்துச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ராகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். எங்கள் தேயிலைத் தோட்டமே அவர் கொடுத்த படத்தைத்தான் பார்த்தது.

நாம் கேட்கும் படத்தைத் தர மாட்டார். "சாவு நடந்த லயம்தானே மகள், இந்தக் கெழம சிரிப்புப் படம் கொண்டு போங்க" என்பார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு என்ன கவலை என்று தோட்டத்துத் துரைக்குத் தெரியாது, நானாவுக்குத் தெரியும்.

சிடி கொண்டுவரும் வேலை என்னுடையது. ஏ.எல். உயர்தரப் பரீட்சை டியூஷனுக்கு டவுனுக்குப் போகிற ஒரே ஆள் நான்தான். சனிக்கிழமை வாங்கி வந்தால் ஞாயிறு பகல் எங்கள் வீட்டுக் காம்பராவில் லயமே கூடிவிடும்.

அப்போது வந்த படங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஹீரோவுக்கு வேலைவெட்டி இருக்காது. ஒரு பெண்ணின் பின்னாலேயே பஸ்ஸில், கோயிலில், காலேஜ் வாசலில் சுற்றுவான். அவள் திட்டுவாள், செருப்பைக் காட்டுவாள். இன்டர்வலுக்குப் பிறகு அவளே அழுதுகொண்டு ஓடி வருவாள்.

எல்லாரும் கை தட்டுவோம். நானும்தான் தட்டினேன்... பொய் சொல்லவில்லை.

அதே மாதிரி ஒருத்தன் எனக்கும் வந்தான். மரக்கறி லொறியில் வேலை. டியூஷன் வாசலில் நிற்பான். என் பஸ்ஸில் ஏறுவான். நான் இறங்கும் இடத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே லயம் தெரியும் வரை பின்னாலேயே நடந்து வருவான்.

படத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷம் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடப்பேன்.

வீட்டில் சொன்னால் முதலில் படிப்புக்குத்தான் ஆபத்து. அதனால், அவனையும் தெரிந்த நானாவிடம் சொன்னேன். "பயமா இருக்குங்க நானா. நீங்களாச்சும் அந்தாளுகிட்ட சொல்லுங்க."

சிரித்தார். "நல்ல புள்ள மகள் அவன். ஒங்க மேல உசுரையே வச்சிருக்கான். நீங்க என்ன இப்பிடிப் பயப்படுறீங்க!"

அடுத்த சனிக்கிழமை ஒரு சிடியைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய்த் தொறந்து பாருங்க, சந்தோசப்படுவீங்க" என்றார். புதுப்படம் என்று நினைத்தேன். மக்கு.

கவரைப் பிரிப்பது எப்போதும் அப்பாதான். டிவி எங்களுடையது, அந்த கௌரவம் அவருக்கு. அத்தனை பேர் முன்னால் பிரித்தார். மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. சித்தப்பா எடுத்துச் சத்தமாகவே வாசித்துவிட்டார்... என் பெயரோடு.

எழுதியவன் யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. "நீ எடம் குடுக்காம எவன்டி எழுதுவான்? டியூசனா போற நீ, டியூசன்!" என்று அம்மா என் தலைமுடியைப் பிடித்தாள். போன வாரம்தான் இதே ஆட்கள் ஹீரோவுக்கு விசிலடித்தார்கள்.

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? சிடியைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமே... கொஞ்ச நேரத்தில் படத்தைப் போட்டுவிட்டார்கள். நான் குசினி அடுப்பருகே உட்கார்ந்து அழுகிறேன், வெளியே லவ் சாங் ஓடுகிறது.

டியூஷன் அன்றோடு நின்றது. ஏ.எல். எழுதவில்லை. இரண்டு மாதத்தில் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சை நடந்த நாட்களில் நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்து ராகலையில் நானாவைப் பார்த்தேன். சிடிக்கடை போனுக்கு ரீலோட் போடும் கடையாகியிருந்தது. என் இடுப்பில் கைக்குழந்தை. "அல்லாவே, நம்ம மகளா! அந்தப் புள்ளயத்தானே முடிச்சீங்க?" என்றார்.

நான் கட்டியது வேறு ஒருவரை. லொறிக்காரன் எங்கே போனான் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்... பஸ்ஸும் வந்துவிட்டது. சிரித்துவிட்டு ஏறிவிட்டேன்.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பதினைந்து வயது. போன மாதம் டிவியில் அப்படி ஒரு பழைய படம் ஓடியது. "என்னம்மா இது, இவன பொலிஸ்ல புடிச்சுக் குடுக்காம பாட்டுப் பாடிக்கிட்டிருக்காங்க?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

நானாவிடம் ஒருநாள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். "எனக்கு இதுதாங்க நானா நடந்துச்சு" என்று. இந்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிப் போட்டேன்.

இன்று நான் போய்ச் சேரும்போது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உள்ளே பெண்களோடு உட்கார்ந்தேன். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் அவருடைய மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! எங்கட இவர் ஆர் வந்தாலும் சொல்லுவார் மகள். நான் ஒரு ஜோடிய சேத்து வச்சேன், படத்துல வாற மாதிரியே நல்லா வாழ்ந்துட்டு ஈக்கிறாங்கண்டு. சொகமில்லாம படுத்திருந்த நேரமும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

என் படிப்பு போன கதை அந்த வீட்டில் இத்தனை வருடம் ஒரு நல்ல காரியமாக இருந்திருக்கிறது.

"மாப்புள வரல்லயா மகள்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அந்தம்மாவின் அழுது வீங்கிய கண்ணைப் பார்த்தேன்.

"லொறியில போயிருக்காருங்க" என்றேன்.

போய் வாருங்கள் நானா. உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இன்றைக்கு நான் அழுததும் பொய்யில்லை.