மேலே தணல், கீழே தணல்

மூங்கிலைத் திட்டிக்கொண்டேதான் எல்லம்மாள் பிளப்பாள். "நேரா போயேன், இன்னாத்துக்கு வளையற? உங்கப்பன் ஊட்டு தோட்டமா இது?" என்று அதனிடமே கேட்பாள். அரிவாளை வைத்து ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு நெம்பு. மெல்லிய பட்டைகளாக உரிந்து அவள் காலடியில் விழும். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு அவள் வீட்டு வாசலில் இந்தச் சண்டை தொடங்கிவிடும். திட்டு வாங்கிய மூங்கில்தான் ஐந்து முனை நட்சத்திரமாகி, சிவப்புக் காகிதம் போர்த்திக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கம்பத்தில் ஏறும்.

திட்டு என்பது அவளுக்கு மூச்சு மாதிரி. அடுப்பைத் திட்டுவாள், ரேஷன் கடை வரிசையைத் திட்டுவாள், பால் குடத்தில் தண்ணீர் கலந்தவனை அவன் தெருமுனை திரும்பிய பிறகும் விடமாட்டாள். கிறிஸ்தவக் கோயில் பதிவேட்டில் அவள் பெயர் சாராள். ஆனால் ஊருக்கு அவள் எல்லம்மாள்தான். அவசரமாகக் கூப்பிட வேண்டியிருந்தால் பாதிரியாருக்கும் அதுதான் வாயில் வரும். தென்னேரிப் பக்கம் ஏரிக்கரையில் பண்ணைக்கூலியாக இருந்த குடும்பம். ஊருக்கு வெளியே குடிசை, ஊருக்கு உள்ளே வேலை என்று தலைமுறைகள் போயின. அப்பா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கி, பிழைப்புக்காகக் காஞ்சிபுரம் வந்து, நெசவுத் தெருக்கள் முடிகிற இடத்தில் குடியேறினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வேலை, வேலாயுதத்தின் சாயப்பட்டறையில். வேகவைக்காத பச்சைப் பட்டுநூல் மொடமொடவென்று பசையோடு வரும். அதைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையை எடுத்த பிறகுதான் சாயம் பிடிக்கும், பளபளப்பும் வரும். வேகவைப்பவளும் சாயத்தில் முக்கி எடுப்பவளும் எல்லம்மாள். இந்த வாரம் தெருவில் என்ன நிறப் புடவை தறியேறுகிறது என்பதை அவள் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேலாயுதமும் சிடுமூஞ்சி. கொப்பரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று நாள் முழுக்க வாய்ச்சண்டை போடுவார்கள். இரண்டு பேரில் ஒருவர் வராத நாளில் பட்டறை வெறிச்சென்று இருக்கும்.

பட்டறையில் கழித்துப்போட்ட நூலைக் கேட்டு வாங்கி, நட்சத்திரத்தின் முனைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று காற்றில் அவை ஆடுவதைப் பார்க்க நெசவுத் தெருப் பெண்கள் ஓடைவரை வருவார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகளுக்கும் அவள்தான் காகிதப் பூத்தோரணம் கட்டிக் கொடுப்பாள். அவள் கை செய்த பூ சாமிக்கு முன்னால் போகும். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

கேக் வேறு கதை. சிறுபெண்ணாக ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தபோது அவள் கற்றுக்கொண்டது அது. அடுப்பில் விளிம்பு உடைந்த இரும்பு அண்டா, அடியில் பாலாற்று மணல், அதன்மேல் மாவு ஊற்றிய பிஸ்கட் டின். அண்டாவின் வாயை இரும்புத் தட்டால் மூடி, தட்டின்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்புவாள். தணல் போடுகிற வேலை அவள் புருஷன் சிட்டிபாபுவுக்கு. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஆள், வீட்டில் பூனை. அவன் தணலை எங்கே போட்டாலும் அது தப்பான இடமாகவே இருக்கும். "மேலயும் தணலு, கீழயும் தணலு. நடுவுல மாட்டிக்கினது வேவாம இன்னா பண்ணும்?" என்பாள். மாவைப் பற்றிச் சொல்கிறாளா, தன்னைப் பற்றியா என்று அவனும் கேட்டதில்லை.

ஆயுதபூஜையிலிருந்தே அந்த வீட்டில் வெல்லம் போட்ட டீதான். ரேஷனில் வருகிற சர்க்கரை முழுக்கக் கேக்குக்கு. கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போகுமுன் இரண்டு தட்டு வெளியே போகும். ஒன்று வேலாயுதம் வீட்டுக்கு, ஒன்று நீலாம்பாள் வீட்டுக்கு. அவை போகிறவரை தன் வீட்டில் ஒரு வாயும் அசையக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம்.

நீலாம்பாள் நெசவுக்காரர் வீட்டு மருமகள். சாயம் போட்ட நூலைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் தொடங்கிய பழக்கம், அநேகமாகத் தினமும் பேசாமல் இருக்க முடியாது என்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. வயதில் இளையவளை எல்லம்மாள் "நீலாம்மா" என்பாள், வாங்க போங்க என்பாள். ஊரில் எல்லம்மாளிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் அவள். பேச்செல்லாம் கொல்லைப்புறத்தில்தான். பக்கத்துச் சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவைத் தட்டுவாள். வாசல் வழியாகப் போக அவளுக்கும் தோன்றியதில்லை, போகச் சொல்ல நீலாம்பாளுக்கும் தோன்றியதில்லை. முதல் வருஷம் கேக் கொண்டுபோனபோது, முட்டை போட்டதென்றால் வேண்டாமே என்று நீலாம்பாள் தயங்கினாள். அந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் கோழிக்குழம்பு கொதிக்கும். எல்லம்மாள் அதை நினைக்கவே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து நீலாம்பாளுக்கென்று தனி டின், முட்டைக்குப் பதில் தயிர். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள் நீலாம்பாள். மறுநாள் அந்தத் தட்டு கொஞ்சம் சர்க்கரையோடு திரும்பும். வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது என்பாள். அந்த ஒரு வார்த்தையை எல்லம்மாள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மகிழ்வாள்.

போன வருஷம் அண்டா பக்கத்தில் சிட்டிபாபுவோடு பெரிய சண்டை. தணல் மணலில் கொட்டிவிட்டது. கையிலிருந்த கரண்டியை அவன்மேல் ஓங்கிக்கொண்டே, மாடத்திலிருந்த சோடாப் பொட்டலத்தை இன்னொரு கையால் எடுத்து மாவில் தட்டினாள். மாடத்தில் இருந்தது இரண்டு பொட்டலம். ஒன்று ஆப்பசோடா. மற்றொன்று துணி துவைக்கப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சலவைச் சோடா. பட்டு வேகவைக்கிறவள் வீட்டில்தான் இந்தத் தப்பு நடக்கும்.

காலையில் தட்டுகள் போய்ச் சேர்ந்தன. கோயிலிலிருந்து வந்து தன் பங்கை வாயில் வைத்தவள் தூவென்று துப்பினாள். சோப்பைக் கடித்தது போலிருந்தது. பட்டின் பசையையே கழற்றுகிற சாமான். நீலாம்பாள் வீட்டுக் குழந்தைகள் தின்றிருந்தால் வயிறு என்ன ஆகும் என்று நினைத்ததும் புதுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். சந்தில் நுழைந்து, கொல்லைக் கதவைத் தள்ளி, மூச்சு வாங்கி, வாயைத் திறப்பதற்குள் நீலாம்பாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வா எல்லம்மா. இந்த வாட்டி போன வருசத்துக்கு மேல இருந்துச்சு. பசங்க எனக்கு உனக்குன்னு அட்ச்சிக்கினு துன்னுச்சுங்க. இனிப்பு அளவா போட்டிருந்த."

எல்லம்மாள் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். நீலாம்பாளுக்குப் பின்னால் மாட்டின் கழுநீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அவள் சுட்ட கேக் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் ஒதுக்கியிருந்தது. இத்தனை வருஷமும் வாயில் கரைந்தது யார் வாயில் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. எத்தனை மாதச் சர்க்கரை, எத்தனை நாள் வெல்ல டீ. முட்டை வேண்டாம் என்றார்களே என்று தயிரைத் தேடி அலைந்த அலைச்சல். வரேம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வேலாயுதம் வீட்டுக்கும் போனாள். அவர் வாசலிலேயே நின்று, செம்பில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"பட்டுக்குப் போடற சோடாவ கேக்குல போட்டுட்டியா? நாக்குல வெச்சதுமே தெரிஞ்சிது. பசங்ககிட்ட இருந்து புடுங்கிட்டேன். கண்ணு எங்க வெச்சிக்கினு செய்யற நீ?"

அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு எல்லம்மாள் அங்கேயே, தெருவில், அழுதுவிட்டாள். ஒரு கேக்குக்கா அழுகிறாள் என்று அவர் விழித்தார்.

போகட்டும் விடு, மாடும் ஒரு ஜீவன்தானே என்று சிட்டிபாபு ஆறுதல் சொல்லிப் பார்த்தான். அந்த ஆறுதலுக்குப் பதிலாகக் கரண்டி பறந்தது. நியாயம்தான். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், பத்து நாளில் மறந்தும் இருப்பாள். புகழ்ந்து ஏமாற்றியதை எந்தச் சண்டையில் தீர்ப்பது?

வருஷம் முழுக்க அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நூல் கொண்டுபோனாள், பேசினாள், கொலுவுக்குத் தோரணமும் கட்டிக் கொடுத்தாள். தீபாவளிக்கு நீலாம்பாள் வழக்கம்போல அதிரசம் கொடுத்தபோது அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கொல்லையில் நின்ற இடத்திலேயே, நீலாம்பாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல் தின்று முடித்துக் கையை உதறினாள். நீலாம்பாளுக்குச் சந்தோஷம்.

இந்த வருஷம் மாடத்துப் பொட்டலங்களை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே மாவைக் கலந்தாள். தணலைத் தானே போட்டாள்; சிட்டிபாபுவைத் திட்டவில்லை, அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது. வெந்ததும் தன் சட்டத்தைத் தானே மீறி முதல் துண்டை வாயில் வைத்தாள். அருமையாக வந்திருந்தது. கிறிஸ்துமஸ் காலையில் வேலாயுதம் வீட்டில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பின்னல் துணியால் மூடி எடுத்துக்கொண்டு நெசவுத் தெருவுக்குள் நடந்தாள். தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்து ஆட்கள் இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சந்தில் திரும்பவில்லை. நீலாம்பாள் வீட்டு மார்கழிக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், வாசற்படியில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள்.

நீலாம்பாள் வந்தாள். அவளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். "இன்னா எல்லம்மா, இங்க வந்து உக்காந்துட்ட? கொல்லப்பக்கம் வரக்கூடாதா?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே தட்டுக்கு இரண்டு கையையும் நீட்டினாள்.

எல்லம்மாள் தட்டைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துத் துணியை விலக்கி, ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"தயிர் ஊத்தி செஞ்சது. முட்ட இல்ல. சாப்புடுங்கம்மா, இருந்து பாத்துட்டுப் போறேன்."

பாவு பிடித்திருந்தவர்களின் கை நின்றுவிட்டது. நீலாம்பாள் நிலைப்படியைப் பற்றிக்கொண்டாள். எல்லம்மாள் மெதுவாக மென்று விழுங்கினாள். மறுபாதியை நீட்டிய கையை அவள் கீழே இறக்கவில்லை.