கலா டீச்சர் மாற்றிய என்ஜின்

1999 ஜனவரியில் விஜயகலாவுக்குத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. கஹவத்தை டவுனிலிருந்து ஐந்து மைல்தான். ஆனால் அந்த ஐந்து மைலும் ஏற்றம். றப்பர்க் காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்திலிருந்து பதினொரு கொண்டை ஊசி முடக்குகள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். த்ரீவீல்காரர்கள் ஒரு தரம் ஏற நூற்றிருபது ரூபாய் கேட்டார்கள். ஒன்பதாவது முடக்கில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் வண்டியை ஏற்றிப்போய் மேலே காத்திருப்பார்கள். கொடுத்த காசுக்கு நடையும் சேர்த்தி.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. தோட்டத்துக்கே கலா டீச்சர். கணக்குப் படிப்பிப்பவள். தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த சிவலிங்கத்தைக் கட்டி ஏழு வருசம். இரண்டு வருசத்துக்கு முன்னால் பள்ளி விடுமுறையில் இரத்தினபுரிக்குப் போய் வண்டி ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்து வந்திருந்தாள். கார் இல்லாத வீட்டுக்கு லைசன்ஸ் எதற்கு என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அதைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

மாற்றம் வந்த இரண்டாவது மாதமே த்ரீவீல் செலவு சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்க ஒன்றரை இலட்சமாவது வேண்டும். அந்த நேரத்தில்தான் பென்சன் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒருவர் தன் மொரிஸ் மைனரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டாள். நாற்பது வருசம் ஓடிய வண்டி. உடம்பில் துரு அதிகமில்லை. ஆனால் என்ஜின் செத்துக் கிடந்தது. முப்பதாயிரத்துக்கு விலை முடிந்தது. சீட்டு எடுத்த காசு அதற்குச் சரியாய் இருந்தது. நான்கு பேர் கயிறு கட்டி இழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து அவள் ஜுனைதீன் பாஸின் கராஜுக்குள் வந்து சேர்ந்தாள்.

ஜுனைதீன் கஹவத்தையில் இருபது வருசமாகக் கராஜ் வைத்திருப்பவர். எதையும் உடனே சொல்லிவிட மாட்டார். என்ஜினைக் கழற்றி, துண்டு துண்டாகச் சாக்கில் பரப்பி வைத்த பிறகுதான் வாய் திறந்தார். பழைய என்ஜினைத் திருத்தி எடுக்கலாமென்றால், அதன் சிலிண்டர்களை ஏற்கெனவே கடைசி அளவுவரை கடைந்தாகிவிட்டது, இனிக் கடைய அதில் இரும்பு இல்லை. அதே மாதிரி வேறொன்று தேடிப் போட்டாலும் நாலு பேரோடு மேல் டிவிசனுக்கு ஏறும் பலம் அதற்கு வராது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டட்சன் என்ஜின் போடலாம், பலர் போடுகிறார்கள், நானும் ஒன்று போட்டிருக்கிறேன் என்றார். எவ்வளவு முடியும் என்று அவள் கேட்டாள்.

"என்ஜின வாங்கிட்டா வேல முடிஞ்சிதுன்னு நினைக்காதீங்க டீச்சர். என்ஜின் பாதிக் காசு. மத்தப் பாதி அதப் பொருத்துறதுக்கு."

அவள் கணக்குக் கொப்பியை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். என்ஜினும் கியர் பொக்ஸும் சேர்த்து முப்பத்திரண்டாயிரம். அதைத் தாங்கிப் பிடிக்கப் புதிதாய் அடிக்க வேண்டிய இரும்புத் தாங்கிகள். கியர் பொக்ஸ் நீளம் என்பதால் நடுத் தளத்தை வெட்டி உயர்த்த வேண்டும். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் குறுக்கிக் கட்ட வேண்டும். பெரிய ரேடியேட்டர். வேகம் கூடுவதால் பிரேக் முழுவதும் புதுசு. மொத்தம் அறுபதாயிரம் தாண்டியது. அவள் அதைத் த்ரீவீல் கணக்கோடு வைத்துப் பார்த்தாள். காரின் விலையையும் பெட்ரோலையும் சேர்த்தாலும் மூன்று வருசத்தில் போட்ட காசு நேராகிவிடும். அதற்கப்புறம் ஓடுவதெல்லாம் லாபம்.

சிவலிங்கம் இரண்டு நாள் அந்தக் கொப்பியை எடுத்து எடுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள், தன் சேமிப்புப் புத்தகத்தை அவள் கொப்பியின் மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனான். அவன் சம்மதம் சொல்கிற விதம் அது.

ஏப்ரல் விடுமுறையில் அவளும் ஜுனைதீனும் கொழும்புக்குப் போய், பாவித்த வண்டிச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஜுனைதீன் என்ஜின்களைக் கையால் சுற்றிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், ஐந்தாவது கடையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். காசு கைமாறியது. அப்போதுதான் கலா, என்ஜின் நம்பர் போட்ட பில்லும் அது துறைமுகத்தில் இறங்கியதற்கான கடதாசியின் பிரதியும் வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டாள். முதலாளி, பிறகு தபாலில் அனுப்புகிறேன் என்றார். அவள் கடை வாசலில் இருந்த டயர் அடுக்கில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணித்தியாலம். வாங்க வந்தவர்களெல்லாம் சேலை கட்டிய அந்த அம்மாளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் முதலாளியே கடதாசியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

என்ஜினை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், அவிசாவளைக்கு இந்தப் பக்கம் இராணுவச் சாவடியில் லொறியை மறித்தார்கள். யுத்த காலம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பின்னால் சாக்குப் போர்த்திய பெரிய இரும்பு. சிப்பாய் இருவரையும் இறக்கி, யாருடைய என்ஜின், எங்கே போகிறது என்று கேட்டான். கலா, நான் டீச்சர், என் காருக்கு என்று சொல்லி பில்லை நீட்டினாள். அவன் சாக்கை விலக்கிக் குனிந்து, என்ஜினில் பொறித்திருந்த நம்பரையும் பில்லில் இருந்த நம்பரையும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தான். பிறகு போகலாம் என்று கையசைத்தான். லொறி கிளம்பியதும் ஜுனைதீன் பில்லை வாங்கி ஒரு தரம் வாசித்தார். இனி என் கராஜுக்கு வரும் எந்த என்ஜினுக்கும் பில் இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்றார்.

பொருத்தி முடிக்க ஆறு வாரம் ஆனது. முதல் நாள் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. கராஜில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் டவுனுக்கு வெளியே கொண்டுபோய் முப்பது மைல் வேகம் தொட்டதும் கார் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. காலடித் தகடு அதிர்ந்தது, கண்ணாடி கடகடத்தது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடும், கூட்டினால் திரும்ப வரும். ஜுனைதீன் நீளத் தண்டைக் கழற்றிச் சமன் பார்த்தார். மூட்டுகளைப் புதிதாய்ப் போட்டார். நடுக்கம் போகவில்லை. மூன்றாம் வாரம் அவர் சோர்ந்துபோய், காசை வீணாக்கிவிட்டேன் டீச்சர் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார். டவுனில் கதை பரவிவிட்டது. டீச்சரின் காருக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கராஜில் சாக்கு விரித்துக் காருக்கு அடியில் படுத்தாள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கியர் பொக்ஸ் பின்பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது. பின் அச்சுப் பெட்டியோ கிட்டத்தட்ட மட்டமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே தண்டு. வெளியே வந்து, பாடசாலையில் கரும்பலகைக்குப் பாவிக்கும் பெரிய மரப் பாகைமானியை எடுத்துவரச் சொல்லிச் சிவலிங்கத்தை அனுப்பினாள். அதன் நடுவில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, மறுபடி அடியில் போய் அளந்தாள். முன்னால் ஆறு பாகை சரிவு. பின்னால் ஒன்று.

"பாஸ், தண்டுக்கு ரெண்டு பக்கமும் மூட்டு இருக்குதானே. ரெண்டு மூட்டும் ஒரே அளவு மடங்கணும். அப்பத்தான் முன்மூட்டு குடுக்குற ஆட்டத்தப் பின்மூட்டு சரிக்கட்டும். இங்க ஒண்ணுக்கொண்ணு அஞ்சு பாகை வித்தியாசம் இருக்கு."

ஜுனைதீன் பாகைமானியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ என்ஜின் ஏற்றியிருக்கிறேன், ஆனால் அதன் சரிவைப் பின் அச்சோடு யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். அவள் மணல் தரையில் குச்சியால் படம் போட்டாள். அவர் குந்தியிருந்து கேட்டார். பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார். கியர் பொக்ஸின் பின் தாங்கிக்குக் கீழே தகடு வைத்து உயர்த்தினார்கள். பின் அச்சுக்கும் ஸ்பிரிங் வில்லுகளுக்கும் இடையே, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரும்பு ஆப்புகளைச் சொருகினார்கள். அவள் ஒவ்வொரு தரமும் அடியில் போய் அளந்து, இன்னும் அரைப் பாகை, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஞாயிறு மத்தியானம் இரண்டு பக்கமும் மூன்று பாகை. அதற்கான செலவு நானூறு ரூபாய்.

வண்டியை அவளே எடுத்தாள். முப்பது. நாற்பது. நாற்பத்தைந்து. மைனர் தண்ணீரில் போவது போலப் போனது. பக்கத்தில் இருந்த ஜுனைதீன் காலடித் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலே சிரித்தார்.

அப்படியே மேல் டிவிசனுக்குத் திருப்பினாள். பின் சீட்டில் சிவலிங்கமும், கராஜில் வேலை செய்யும் இரண்டு தடித்த ஆட்களும். முடக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினாள். ஒன்பதாவதில் ஒரு த்ரீவீல் ஆட்களை இறக்கிவிட்டு நின்றது. கலா இரண்டாம் கியருக்கு மாற்றி அக்சிலேட்டரை மிதித்தாள். என்ஜின் சத்தம் கனத்தது, மூச்சு வாங்கவில்லை. நடந்து ஏறிக்கொண்டிருந்தவர்கள் தேயிலைப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாடசாலை முற்றத்தில் நிறுத்தி இறங்கியபோது ரேடியேட்டர் கொதிக்கவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தபிறகுதான் மற்றவர்களைப் பார்த்தாள்.

"எங்க கார்ல வந்துட்டோம்" என்றான் சிவலிங்கம்.

என்ஜின் மாற்றியதைப் பதியக் கொண்டுபோனபோது, இரத்தினபுரியில் மோட்டார் பரிசோதகர் காரைச் சுற்றி வந்து, தாங்கிகளைத் தட்டிப் பார்த்து, பிரேக் பிடித்துப் பார்த்து, பில்லையும் துறைமுகக் கடதாசியையும் வாசித்தார். நல்ல வேலை, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். ஜுனைதீன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நானும் டீச்சரும் என்றார். அந்த மாதக் கடைசியில் வண்டிப் புத்தகத்தில் புது என்ஜின் நம்பர் ஏறியது.

அந்த டிசம்பரில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் டிவிசன் பிள்ளைகளை அவளே டவுனுக்குக் கூட்டிப்போனாள். தினமும் இரண்டு நடை, ஒரு நடைக்கு ஐந்தாறு பேர், மடியில் மடி. ஒரு பாடத்துக்கும் ஒருவரும் பிந்தவில்லை. கணக்கில் பதினொரு பேர் எழுதி ஒன்பது பேர் தேறினார்கள். அந்தப் பாடசாலைக்கு அதுவரை அப்படி வந்ததில்லை.

அதன் பிறகு ஜுனைதீன் என்ஜின் மாற்றப்போகும் எந்த வண்டியையும் அவள் பார்க்காமல் தொடுவதில்லை. சனிக்கிழமைகளில் கராஜில் அவளுக்கென்று உட்கார ஒரு கதிரை. 2004க்குள் ஐந்து கார்கள் அப்படி ஓடின. ஒருநாள் பெல்மடுலையிலிருந்து ஒருவர் பழைய ஒஸ்டின் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காசு கையோடு இருக்கிறது, உடனே தொடங்குங்கள் என்றார். கலா அடியில் படுத்துப் பார்த்தாள். காரின் அடிச் சட்டம் மூன்று இடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதற்குப் புது என்ஜின் போட்டால் என்ஜின்தான் ஓடும், கார் அதோடு சேர்ந்து போகாது, இந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வேறொன்று வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"ஒரு மாச வேலய அனுப்பிட்டீங்களே டீச்சர்" என்றார் ஜுனைதீன்.

கலா கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டி எங்கே என்று கேட்டாள்.