கை காட்டாமல் போன நீலக்கதவு வண்டி

கடந்த வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, எண்ணூறு கோழிக்குஞ்சுகளோடு கீழக்குயில்குடியிலிருந்து திருவாதவூருக்கு நானே வண்டி ஓட்டிப் போனேன். இதுவரை இந்தத் தளத்தில் எழுதியவை எல்லாம் பேருந்துப் பயணங்கள். ஜன்னலோர இருக்கை, காதில் ஹெட்செட், யாரிடமும் பேச வேண்டாம் என்ற நிம்மதி. இந்தத் தடவை அந்த நிம்மதி ஒரு கிலோமீட்டர்கூடக் கிடைக்கவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் முதல் முறையாக வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உதவும் என்று எழுதுகிறேன்.

அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். வெள்ளை வண்டி, ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் நீலம். பழைய கதவு நசுங்கியபோது வேறொரு வண்டியின் கதவை வாங்கி மாட்டியவர், பெயிண்ட் அடிக்காமலே விட்டுவிட்டார். வியாழன்தோறும் கீழக்குயில்குடி பக்கம் உள்ள குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து திருவாதவூர்ப் பண்ணைக்கு லோடு. அவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியும் ஒரு வியாழக்கிழமையாகப் போய்விட்டது. முகூர்த்த நாள் வேறு, ஆக்டிங் டிரைவர் ஒருவரும் சிக்கவில்லை. முட்டை இருபத்தொரு நாளில் பொரிந்துவிடும். நாளைக்கு வா என்று குஞ்சிடம் சொல்ல முடியாது. ஒரு வாரம் வேறு வண்டி போனால் அடுத்த வாரமும் அதுதான் போகும். நான் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் வீடு இந்த வியாழக்கிழமையில்தான் ஓடியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நான்கு சக்கர லைசென்ஸ் எடுத்த முதல் பெண்ணும் நான்தான். எடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. எங்கள் வீடு இருக்கும் பழங்காநத்தம் தெருக்களைத் தாண்டி ஓட்டியதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா வழி சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "எதிர்ல வண்டி வந்தா கைய லேசா தூக்கிரு. அந்தப் பக்கம் பழக்கம்."

காலை 6.10க்குக் கிளம்பினேன். பழங்காநத்தத்திலிருந்து பசுமலை வழியாகக் கீழக்குயில்குடி ஒன்பது கிலோமீட்டர். நல்ல ஓட்டுநருக்கு இருபது நிமிடம், எனக்கு முப்பத்தைந்து. குஞ்சுகளை எண்ணி லோடு ஏற்ற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சமணர் மலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான நேரம். வெயில் ஏறுவதற்குள் படிகளில் ஏறிச் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். நான் மலையைத் தாமரைக் குளத்தின் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

குஞ்சுகள் துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் வந்தன. பெட்டிக்கு நூறு, எட்டுப் பெட்டி. பொரிப்பகம் நடத்தும் காதர் பாய் ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவே கட்டை வைத்து இடைவெளி விட்டார். "வண்டி ஓடுனா காத்து வரும்மா. நின்னா வராது. நிழல்ல பத்து நிமிஷம் நிக்கலாம். வெயில்ல நிறுத்தவே நிறுத்தாத. வாயப் பொளந்துச்சுன்னா முடிஞ்சுச்சு." கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா" என்றார். ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகும்.

சுற்றுச்சாலையில் மண்டேலா நகர், விரகனூர் வழியாக ஒத்தக்கடை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. எல்லா லாரியும் என்னைத் தாண்டிப் போனது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒத்தக்கடையில் 9.05. அங்கிருந்து திருமோகூர் வழியாகப் போகும் சாலை குறுகலானது. எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினால்தான் வழி.

அந்தச் சாலையில்தான் கைகள் ஆரம்பித்தன.

முதலில் ஒரு ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் தூரத்திலேயே உள்ளங்கையை உயர்த்தினார். பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்று இறங்கியது. அடுத்து ஒரு மணல் லாரி. கையை எடுக்காமல் நான்கு விரல்களை மட்டும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்கினார். டிராக்டர்காரர் தலையை ஆட்டினார். மூன்று பேருமே என்னைப் பார்த்ததும் குழம்பினார்கள். நான் யாருக்கும் பதில் காட்டவில்லை. அறிமுகமில்லாத ஆண்களுக்குக் கை காட்டிப் பழக்கமில்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் சாலை. எதிர் வண்டி வரும் அதே நொடியில்தான் கையை எடுக்க வேண்டும். அதே நொடியில்தான் சக்கரம் மண்ணில் இறங்குகிறது. எனக்கு அப்போது இரண்டு கை போதவில்லை.

ஒரு பால் வண்டிக்காரர் கையை உயர்த்திவிட்டு, என்னைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்திவிட்டு என் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார். என் மனசு எங்கெங்கோ போனது. தனியாக ஒரு பெண் வருகிறாள் என்று யாருக்கோ சொல்கிறாரா? வேகமாகப் போகவும் தெரியாது, திரும்பிப் போக இடமும் இல்லை. பெட்டிகளிலிருந்து சத்தமே வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

9.35. திருவாதவூருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே நின்றது. நான் பிரேக் போட்டதும் பின்னால் ஒரு மினி பஸ் வந்து ஒட்டி நின்றது. மரம் ஒன்றுகூட இல்லாத இடம். டிராக்டரிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையில் துண்டோடு குதித்து வந்தார். நான் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினேன். இப்போது யோசித்தால் அதுதான் என்னை முழுத் திருடி ஆக்கியிருக்கும்.

அவர் நீலக் கதவைத் தட்டினார். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினேன்.

"யாரும்மா நீ? இது யாரு வண்டி?"

"அப்பா வண்டி." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"எங்க அப்பா வண்டிண்ணே."

"அப்பா பேரு?"

"முத்திருளப்பன்." லைசென்ஸை எடுத்துக் கண்ணாடி இடுக்கில் நீட்டினேன். அதிலும் அப்பா பெயர் இருந்தது.

அவர் மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஓட்டுநரைப் பார்த்தார். "முத்திருளப்பனாம்ணே. அப்படி யாரு இருக்கா? இது நீலக்கதவு அண்ணே வண்டி."

"அவருதான் எங்க அப்பா."

"அப்பறம் ஏன் வேற பேரு சொல்ற? அவருக்குப் பொண்ணு இருக்குன்னு சொன்னதே இல்லையே."

மினி பஸ்காரர் கேட்டார்: "ஏய் பாண்டி, நீ எப்படா அவருகிட்டப் பேசுன?"

"பேசுனதில்லண்ணே. கைதான் காட்டுவாரு." பாண்டி மறுபடி என் பக்கம் திரும்பினார். "ஒத்தக்கடையில இருந்து நாலு பேரு உனக்குக் கை காமிச்சிருக்கான். ஒருத்தனுக்கும் நீ திருப்பிக் காட்டல. பால்காரன் போன் போட்டுச் சொல்லிட்டான். அண்ணே வண்டி அப்படிப் போவுமா? பின்னாடி எழுதியிருக்க நம்பருக்கு அடிச்சா ஆஃப்ல இருக்கு. சாவியக் குடு."

அப்பாவின் போனை ஆஸ்பத்திரியில் அணைக்கச் சொல்லியிருப்பார்கள். அம்மாவிடம் தனி போன் கிடையாது. இதை எல்லாம் சொல்வதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மினி பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் இரண்டு தலை. "பாத்தா படிச்ச புள்ள மாதிரி இருக்கு" என்றது ஒரு குரல். "படிச்சதுதான் இம்புட்டுத் தைரியமாத் திருடும்" என்றது இன்னொன்று.

அப்போது பின்னாலிருந்து குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. எண்ணூறும் ஒன்றாக. நின்று ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"குஞ்சு செத்துரும்ணே!"

அது என் குரல்தான். கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். ஓரப் பெட்டியைத் திறந்தால் குஞ்சுகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மினி பஸ்காரர் எட்டிப் பார்த்தார். "ஏய் மாப்ள, விசாரணையெல்லாம் பண்ணையில போயி வச்சுக்க. மொதல்ல டிராக்டர எடு."

"அப்ப நான் ஓட்டுறேன், இது ஓடிருச்சுன்னா?" என்றார் பாண்டி.

"நான்தான் ஓட்டுவேன்" என்றேன். எனக்கு வேறு யாரிடமும் அந்த எட்டுப் பெட்டியை விட மனசில்லை.

அப்படியாக, டிராக்டர் ஓரத்து வயலில் இறங்கி நிற்க, என்னைத் தாண்டி முன்னால் போன மினி பஸ் ஹாரன் அடித்து வழி விலக்க, பக்கத்து இருக்கையில் பாண்டி காவலுக்கு உட்கார்ந்திருக்க, அந்த நான்கு கிலோமீட்டரை ஓட்டினேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் பாண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "புடிச்சாச்சு மாப்ள!" என்று கத்தினார். நடுநடுவே எனக்கு, "செகண்டப் போடு… கிளட்ச்ச விடு, விடு… ரோட்டப் பாரு, என்னைய ஏன் பாக்குற?"

10.02க்குப் பண்ணை. அதை நடத்தும் மலர் அக்கா வாசலுக்கே வந்தார். "வா கண்ணு. அப்பா நேத்தே போன்ல சொல்லிட்டாரு, பொண்ணுதான் வாரான்னு. இது யாரு, கூட?"

பாண்டி இறங்கி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பெட்டிகளைக் கொட்டகைக்குள் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினோம். ஒன்பது செத்திருந்தன. வழக்கமாக மூன்று, நான்குதான் என்றார் மலர் அக்கா. "வெயில்ல எங்கயும் நின்னியா?"

வியாழக்கிழமை லோடு கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நான்தான்க்கா மறிச்சேன்" என்றார் பாண்டி. "திருட்டு வண்டின்னு நெனச்சுட்டேன். அது மேல தப்பில்ல."

மலர் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மீசை மட்டும் எம்புட்டு இருக்கு பாரு." பிறகு என்னிடம், "அடுத்த வாரம் எட்டு மணிக்குள்ள வந்துரு. வெயில் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு மீதிக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அந்த 'அடுத்த வாரம்' என்ற சொல்லைத் திரும்பி வரும் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாண்டியை டிராக்டர் பக்கத்தில் இறக்கிவிட்டபோது, அப்பாவுக்கு என்ன என்று கேட்டார். கண் ஆபரேஷன் என்றேன். "கண்ணா? போன வாரங்கூட அம்புட்டுத் தூரத்துல இருந்தே எனக்குக் கை காமிச்சாரேம்மா" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் ஒரு கண்ணில் கட்டு. போனைப் போட்டதும் செய்திகள் வந்து குவிந்தன: பதினேழு எண்கள் அழைத்திருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. நடந்ததைச் சொன்னேன். இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டேன்.

"தெரியாதே" என்றார் அப்பா.

"ஒருத்தரக்கூடவா தெரியாது? எல்லாருக்கும் கை காட்டுறீங்களாமே."

போனைக் கவிழ்த்து வைத்தார். "எதிர்ல வாரது யாருன்னு எனக்கு மொகம் தெரியாதும்மா. கார்த்திகையில இருந்தே. தெரிஞ்சவனாயிருந்து நான் பாட்டுக்குப் போயிட்டா, இவனுக்குக் கண்ணு போச்சுன்னு பேச்சாயிரும், லோடு போயிரும். அதான் எது வந்தாலும் தூக்கிருவேன்."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "ரோடு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"ரோடு தெரியும். மொகந்தான் தெரியாது."

கார்த்திகை முதல் வைகாசி வரை எத்தனை வியாழக்கிழமை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் குறுகலான சாலையை அன்று காலைதான் பார்த்திருந்தேன். முகமே தெரியாத ஒருவர், எதிர் வண்டி வரும்போதெல்லாம் ஒரு கையை எடுத்தபடி அதில் போய் வந்திருக்கிறார். அப்பாவின் மேல் கோபப்படக்கூட அன்றைக்குத் தெம்பில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பழங்காநத்தம், கீழக்குயில்குடி, சுற்றுச்சாலை, திருவாதவூர், மறுபடி வீடு: மொத்தம் 86 கிலோமீட்டர். டீசல் ஐந்து லிட்டர், 465 ரூபாய். ஒத்தக்கடையில் டீ 15 ரூபாய். அதற்குப் பிறகு கடைகள் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திருவாதவூரில் பெரிய கோயில் இருக்கிறது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். தெரிந்தவர் வண்டியை இரவல் வாங்கிக் கிராமச் சாலையில் ஓட்டினால், வண்டிக்காரரின் போன் எடுக்கப்படும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிரே கை உயர்ந்தால் பயப்பட வேண்டாம். கையைத் தூக்க முடியாவிட்டால் தலையையாவது ஆட்டுங்கள், அது போதும். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொல்வதை நம்பாமல் கண்ணைப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். இன்னொரு கண்ணும் சரியாகும்வரை அப்பா ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று அம்மா சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். லோடு நாளில் என்னிடம்தான் கொடுப்பார்.

மூன்றாவது வியாழக்கிழமை அப்பா கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்து இருக்கையில் வந்தார். திருமோகூரைத் தாண்டியதும் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. அப்பா குனிந்து வண்டியின் முன்கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். அவர் கை மடியை விட்டு எழும்பவில்லை.

"மொகம் நல்லாத் தெரியுது. யாருன்னுதான் தெரியலையே" என்றார்.

அதற்குள் நான் தூக்கிவிட்டேன். லாரிக்காரரும் தூக்கினார். இடது சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது.

"யாரும்மா அது?"

"தெரியாதுப்பா" என்றேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்குத் திரும்பிய பிறகுதான் மூச்சு விட்டேன்.