பட்டுச்சா, படலையா?

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது பள்ளி ஹாக்கி அணி. ஆள் அவ்வளவுதான் இருந்தாள். பதினோராவது ஆள் கிடைக்காத ஒரு நாள், "சும்மா வந்து நில்லு, பந்து உன் பக்கம் வராது" என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். பந்து வந்தது. சும்மா நிற்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதை அன்று எதிரணியின் கணுக்கால்கள் தெரிந்துகொண்டன.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை; அப்பா பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவர். பெண் மட்டையும் கையுமாக அலைவதைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமெல்லாம் நடக்கவில்லை. "படிப்பு நடக்குதா?" என்று அப்பா கேட்டார். "நடக்குது" என்றாள். "அப்ப ஓடு" என்றார். அவ்வளவுதான்.

பந்தை ஓங்கி அடிக்கிற பலம் அவளுக்கு இல்லை. அதனால் வேறொரு வித்தையைப் பிடித்துக்கொண்டாள். கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் புகுந்து, தடுக்க வருகிறவளின் காலில் பந்தைத் தட்டிவிடுவாள். காலில் பட்டால் பெனால்டி கார்னர். பின்கோட்டிலிருந்து ஒருத்தி பந்தை வெளியே தள்ள, வட்டத்து விளிம்பில் இன்னொருத்தி நிறுத்த, மூன்றாமவள் கோலை நோக்கி அடிக்கலாம். ஆனால் பட்டதா படவில்லையா என்று யார் சொல்வது? பள்ளி மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர்தான் நடுவர். ஊதலை வாயில் வைத்துக்கொண்டு மனுஷன் வேறேதோ யோசனையில் இருப்பார். யார் முந்திக்கொண்டு "கால்" என்று பலமாகக் கத்துகிறார்களோ அவர்கள் பக்கம் ஊதுவார். கடுகுக்குத் தொண்டை ஆளைவிடப் பெரிது. பட்டாலும் கத்துவாள், படாவிட்டாலும் கத்துவாள். அது பொய் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. எல்லோரும் செய்ததுதான், இவள் கொஞ்சம் நன்றாகச் செய்தாள்.

அந்தக் காலும் தொண்டையும் அவளை இளையோர் அணி வரைக்கும், பிறகு நாட்டின் பெரிய அணி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. முதல் வெளிநாட்டுப் பயணம் ஒரு தொடர். தொடர் முடிந்ததும் உலகப் போட்டிக்கான அணியை அறிவிப்பார்கள். புதுசாக வந்தவளுக்கு அதில் இடம் உண்டா இல்லையா என்பது இந்தத் தொடரில்தான் தெரியும்.

முதல் ஆட்டத்தில், வட்டத்துக்குள் மட்டைகள் முட்டிக்கொண்ட நெரிசலில், அவள் பழக்கதோஷத்தில் "கால்" என்று கத்தினாள். இங்கே ஊதல் தொண்டைக்குப் பயப்படாது. சந்தேகம் என்றால் அணி ரெஃபரல் கேட்கலாம். வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். கேட்டது சரி என்றால் மறுபடி கேட்கலாம். தப்பு என்றால் அந்த ஆட்டத்துக்கு அதோடு சரி. கேப்டன் அக்கா அவள் குரலை நம்பிக் கையைத் தூக்கினாள். பெரிய திரையில் பந்து மெதுவாக உருண்டு வந்து, காலைத் தொடாமல், மட்டையில் பட்டுப் போனதை மைதானமே பார்த்தது.

ரெஃபரல் போயிற்று. கடைசி நேரத்தில் எதிரணிக்காரி பந்தைத் தன் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து கோல் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள், நடுவரைத் தவிர. கேட்க வழியில்லை. தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் அக்கா திட்டவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீ பாத்தியா?"

"பட்ட மாதிரி இருந்துச்சுக்கா."

"நான் அதக் கேக்கல. பாத்தியா?"

கத்துவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று கடுகுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே கேலி ஆரம்பித்தது. "இதுல உப்பு இருக்கா, ரெஃபரல் கேட்டுப் பாக்கலாமா?" என்றாள் ஒருத்தி. கடுகும் சிரித்துவைத்தாள். அடுத்த ஆட்டத்தில் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே காலில் பட்டது, கத்தினாள், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டாள். புலி வருது கதைதான்.

அம்மாவிடம் போனில் புலம்பினாள். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்கம்மா."

"பொய் சொன்னியா?"

"இல்ல."

"பாத்துட்டுச் சொன்னியா?"

"அதுவும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா அப்புறம் என்னத்தடி சொன்ன?" பின்னால் சலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

பயிற்சியில் கடுகு பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கப் பழகினாள். கேட்க எளிது, செய்வது நரகம். வாய் தன்பாட்டுக்குத் திறந்துவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வாள். சில சமயம் கத்த வேண்டிய பந்துக்கும் வாயைத் திறக்காமல் கோச்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். வட்டத்துக்குள் மறுபடி ஒரு நெரிசல். அணியே கையைத் தூக்கிக்கொண்டு "கால், கால்" என்றது. பந்துக்குப் பக்கத்தில் இருந்தவள் கடுகு. அக்கா நேராக அவளிடம் ஓடி வந்தாள்.

"கடுகு?"

எதிரணிக்காரியின் முழங்கைக்குக் கீழே அவள் முகம் சிக்கியிருந்த நேரம் அது. பட்டிருக்கலாம். பட்டிருந்தால் கார்னர், ஒருவேளை கோல், ஒருவேளை உலகப் போட்டி. தொண்டை அரித்தது.

"தெரியலக்கா. நான் பாக்கல."

அக்கா திரும்பி ஓடினாள். ரெஃபரல் கேட்கவில்லை. "இதுக்கு மட்டும் வாய் வராது" என்று ஒருத்தி காதில் விழும்படி முணுமுணுத்தாள். வெளியே கோச் தண்ணீர் பாட்டிலை உதைத்தார். கை வரை வந்த இடத்தைத் தானே தட்டிவிட்டோம் என்றே கடுகுக்குத் தோன்றியது. ஓடினாள். வேறென்ன செய்வது?

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பந்து அவள் மட்டைக்கு வந்தது. தட்டினாள். தடுக்க வந்தவளின் ஷூவின் ஓரத்தில் பந்து உரசித் திசை மாறியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நடுவருக்கு ஆள் மறைத்தது, எதிரணிக்கு ஊதிவிட்டார்.

கடுகு கத்தவில்லை. "அக்கா, பட்டுச்சு" என்றாள், சாதாரணக் குரலில், பக்கத்து வீட்டில் சொல்வதைப் போல.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கை உயர்ந்துவிட்டது.

வீடியோ ஓடத் தொடங்கியது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "கார்னருக்கு நில்லுங்க" என்றாள். முணுமுணுத்தவள் உட்பட எல்லோரும் வட்டத்தைச் சுற்றி அவரவர் இடத்துக்குப் போனார்கள். பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவது கடுகின் வேலை. அங்கே குனிந்து நின்றுகொண்டு அவள் ஒருத்திதான் திரையை எட்டி எட்டிப் பார்த்தாள். கண்ணால் பார்த்தவளுக்குத்தான் பயம்.

நடுவர் கார்னருக்குக் கை காட்டினார். கடுகு தள்ளினாள், ஒருத்தி நிறுத்தினாள், அக்கா அடித்தாள். கோலின் பின்பலகை அதிர்ந்தது. ஆட்டம் சமம்.

மறுநாள் காலையில் கோச் வாசித்த பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். சலவைக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஆட்டம் பார்த்தார்களாம். அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"கோல் போட்டது உங்க கேப்டன்தானே? அந்தப் பொண்ணு எதுக்கு நேரா ஓடி வந்து உன்னத் தூக்கிச்சு?"

கடுகுக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"நான் சொன்னத நம்பினாங்கம்மா" என்றாள்.