வள்ளியின் பெயரை மறைத்தேன்

பிள்ளைகளே, நான் இலங்கையில், கண்டியை அடுத்த கலஹாப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன்.

போன வருஷம், கோப்பி மூட்டைகளை அடுக்கும் ஸ்டோர் காலியாகக் கிடந்த மாதங்களில், அதற்குள் பள்ளி நடத்தக் கண்டியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் பிள்ளைகள் பெயரை எழுதினார். எங்கள் தோட்டத்தில் பெயர் எழுதுவது வேலைக்கு ஆள் எடுக்கத்தான். பயந்துபோய், என் மகள், ஏழு வயது வள்ளியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, “நமக்குப் புள்ள இல்லீங்க” என்றேன்.

“அப்ப கொடியில காயிற சின்னப் பாவாடை உங்களுதுங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பள்ளி நிஜமாகவே நடந்தது. சொன்ன பொய்யை மாற்ற வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அறுவடை வந்தது. களத்தில் காய்ந்த கோப்பியில் வள்ளி விரலால் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஸ்டோர்ப் பலகை இடுக்கு வழியாப் பார்த்தேன்பா. நானும் உள்ள உக்காரணும்.”

ஸ்டோருக்கு ஓடினேன். உள்ளே கூரை வரை மூட்டைகள். வாத்தியார் போய்விட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த எழுத்துகளை இப்போது நானே சொல்லித் தருகிறேன். ஆனாலும் அவள் கண் கண்டிப் பாதையிலேயே இருக்கிறது. இந்த வருஷம் கடைசி மூட்டை வண்டியேறிய அன்றே ஸ்டோரைக் கூட்டி வைத்துவிட்டேன். பள்ளிக்குப் பெயர் எழுத யார் வந்தாலும், கேட்பதற்கு முன்பே வள்ளியின் பெயரைச் சொல்லிவிடுவேன்.