நெடுந்தீவின் தெற்குக் கரையும் ஓர் இடமாற்றப் படிவமும்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் நெடுநாளாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். மன்னார், திருகோணமலை எல்லாம் எழுதினீர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நெடுந்தீவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று. காரணம் வெட்கக்கேடானது. கடல் என் வயிற்றுக்கு ஒத்துவராது. ஆனால் என் மனைவி சுகந்தி இரண்டரை வருடமாக நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமை படகில் வீட்டுக்கு வந்து ஞாயிறு படகில் திரும்புவாள். நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

கடந்த மூன்று கிழமையாக அவள் வரவில்லை. பரீட்சை எழுதப்போகும் வகுப்புக்குச் சனிக்கிழமைகளிலும் படிப்பிக்கிறாள். இதற்கிடையில் இடமாற்றம் கேட்கும் படிவத்தைத் திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோரில் கொடுத்தாக வேண்டும். அதற்கு அவளுடைய கையெழுத்து வேண்டும். சென்ற சனிக்கிழமை படிவத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். உண்மையைச் சொன்னால் படிவம் ஒரு சாட்டு. மூன்று கிழமை அவள் முகத்தைக் காணாமல் இருந்த பிறகு கடலாவது வயிறாவது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை 6.40க்குக் குறிகட்டுவான் பஸ் எடுத்தேன். கட்டணம் 180 ரூபா, தூரம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். வேலணையில் சாட்டிக் கடற்கரைக்குப் போகிற குடும்பம் ஒன்று காற்றடித்த ரியூப், சோற்றுப் பார்சல் சகிதம் இறங்கியது. குளித்தால் போதும், கடல் தாண்டப் பயம் என்பவர்களுக்குச் சாட்டியே சரி. அன்றுவரை நானும் அந்தக் கட்சிதான். இறுப்பிட்டியைத் தாண்டிக் குறிகட்டுவான் துறையில் இறங்கும்போது 8.05. நயினாதீவுக்குப் போகிற படகும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடாமல், கேட்டு ஏறுங்கள்.

படகு ஒன்பது மணிக்கு, 200 ரூபா. கீழ்த்தட்டில் உட்கார்ந்து, குமட்டலுக்கு எலுமிச்சை வாசம் நல்லது என்று தேசிக்காய் ஒன்றை மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி ஐந்து நிமிடம் கிடந்தேன். சுகந்தி இந்தக் கடலை இதுவரை எத்தனை தடவை தாண்டியிருப்பாள் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எண் பெரிதாக வந்தது. அதோடு பெருக்குவதை நிறுத்திக்கொண்டேன்.

அவளுக்குப் பதினொரு மணிவரை வகுப்பு. துறையில் பேதுரு அண்ணை என்ற ஓட்டோக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள் கணக்கு ரீச்சற்ர மனுசன்தானே?"

"ஓம்."

"கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?"

"பாக்க வந்தனான்," என்றேன்.

"பாருங்கோ, நல்லாப் பாருங்கோ. முந்தி இருந்த கணக்கு ரீச்சர் ஆறு மாசம். அதுக்கு முதல் வந்தவர் நாலு மாசம். எல்லாரையும் வீட்டுக்காரர் பாக்கத்தான் வந்தவை."

அதற்குப் பிறகு பேதுரு அண்ணை இடமாற்றத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பானைபோல அடிமரம் பருத்த பெருக்கு மரத்தையும், முருகைக்கல் என்ற பவளப்பாறைக் கல்லால் கட்டிய பழைய கோட்டையையும் காட்டினார். கோட்டைச் சுவரெல்லாம் இடிந்து கிடக்கிறது, ஏறிப் படம் எடுக்காதீர்கள். பதினொன்று ஐந்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். பரீட்சை வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் சைக்கிளோடு வெளியே வந்தார்கள். ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த உறையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுகந்தி குடையோடு வந்தாள். மெலிந்து, வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள்.

"வயித்துக்கு என்ன செய்தனீங்கள்?" என்றாள் முதலில்.

தேசிக்காயைக் காட்டினேன்.

தெற்குக் கரைக்கு அங்கிருந்து ஓட்டோவில் ஆறு கிலோமீற்றர். மதிலெல்லாம் முருகைக்கல், அதற்கப்பால் பனை, பனைக்கப்பால் மேய்கிற குதிரைகள். பிறகு திடீரென்று மணல். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல், ஒரு கடை இல்லை, ஒரு குடிசை இல்லை, நிழலும் இல்லை. வெகுதூரம் போனாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது, பாத விரல்களை எண்ணலாம். இப்படி ஒரு கரை இருக்கிறது, ஒருக்கால் வாருங்கோ என்று அவள் தொலைபேசியில் எத்தனையோ முறை சொன்னாள். அப்போதே வந்திருக்கலாம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆசையாக இருந்தது. ரீச்சரின் கையை ஊர் பார்க்கப் பிடிக்கக்கூடாதாம். ஊர் என்று அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள், கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த மேரி அக்கா. அவருடைய மகள் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. அக்கா பெரிய பார்சல் ஒன்றைக் கட்டி என் கையில் திணித்தார்.

"ரவுணிலை இப்பிடிக் கிடைக்காது. ரீச்சர் இஞ்சை இருந்தால் கிழமைக்குக் கிழமை தந்துவிடலாம்," என்றார்.

வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு ஒருவர் லஞ்சம் தந்தார், அதுவும் சூடைக் கருவாடு.

முந்நூறு மீற்றர் நடந்து ஆளில்லாத இடத்தில் குடைக்குக் கீழே இருந்தோம். நேரம் 12.40. படகுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

"படிவத்தைத் தாங்கோ," என்றாள் சுகந்தி. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் வைத்து எல்லாம் நிரப்பினாள், கையெழுத்தும் வைத்தாள். ஒரு வாக்குவாதமும் இல்லை. வாங்கிப் பார்த்தேன்.

"காரணம் எண்ட இடத்தை விட்டிட்டீர்."

"பிள்ளையளை விட்டிட்டு வாறதுக்கு என்னட்டைக் காரணம் இல்லை. சோதினைக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. நீங்கள் எழுதுங்கோ. எழுதிக் குடுத்தால் வாறன்."

"அப்ப உமக்கு இஞ்சை இருக்கத்தான் விருப்பமோ?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டை இருக்கத்தான் விருப்பம். ஒவ்வொரு ஞாயிறும் குறிகட்டுவானிலை படகு ஏறேக்கை அழுகிறனான். நீங்கள் துறைக்கு வாறேல்லை, அதாலை உங்களுக்குத் தெரியாது."

இரண்டரை வருடமாக அவளைப் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பியவன் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் மேரி அக்கா மறுபக்கம் திரும்பிக் கருவாட்டைப் பிரட்டத் தொடங்கினார்.

இரண்டு மணிக்கு ஓட்டோ எங்களைத் துறையில் இறக்கியது. ஓட்டோவில் தீவைச் சுற்ற 3500 ரூபா என்கிறார்கள். பேதுரு அண்ணை என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை. அந்தச் சலுகை வேண்டுமானால் நீங்களும் ஒரு கணக்கு ரீச்சரைக் கட்டவேண்டும்.

2.30 படகில் மேல்தட்டில் நின்றேன். துறையில் அவளுடைய குடை தெரியும்வரை பார்த்துக்கொண்டே இருந்ததில் வயிற்றைப் பற்றிய நினைவே வரவில்லை. பிறகு பேனையை எடுத்தேன். மருத்துவக் காரணம் என்று எழுத வீட்டில் நோயாளி இல்லை. குடும்பக் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிறேன் என்பதுதான் என் காரணம். ஒன்பது பிள்ளைகளின் சைக்கிள்களும் கண்ணுக்குள் வந்து நின்றன. குறிகட்டுவான் வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். அங்கே கடை குறைவு, குடிதண்ணீரையும் மதியச் சாப்பாட்டையும் கொண்டு போங்கள். குடை, தொப்பி இல்லாமல் தெற்குக் கரையில் அரை மணித்தியாலம்கூட நிற்க ஏலாது. இரண்டு மணிக்குத் துறையில் நில்லுங்கள், படகு உங்களுக்காகக் காத்திராது. படகு நேரமும் கட்டணமும் மாறும், முதல்நாள் விசாரியுங்கள். கீழ்த்தட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேண்டாம், மேலே நின்று தூரத்தைப் பாருங்கள். உங்களுடைய ஆள் அங்கே இருந்தால், இரண்டரை வருடம் தாமதிக்க வேண்டாம்.

இதை எழுதுவது திங்கட்கிழமை பின்னேரம். நான்கு மணிக்குச் சுகந்திக்கு அழைத்து, படிவத்தைக் கொடுக்கவில்லை என்றேன்.

"சனிக்கிழமை வருவீங்களோ?" என்றாள்.

"சோதினை முடியுமட்டும் ஒவ்வொரு சனியும் வருவன்."

"தேசிக்காய் ரெண்டாக் கொண்டு வாங்கோ. திரும்பிப் போறதுக்கும் வேணும்."

படிவம் இப்போது மேசையில் இருக்கிறது. காரணம் என்ற இடத்தை அதற்குப் பிறகுதான் நிரப்பினேன். 'உம்மை விட்டிட்டு இருக்க ஏலாமல் கிடக்கு' என்று எழுதியிருக்கிறேன். கந்தோரில் இப்படி ஒரு காரணத்தை ஏற்கமாட்டார்கள். ஏற்கவேண்டியவளிடம் சனிக்கிழமை நேரே கொடுக்கப்போகிறேன்.