கூட்ஸ் வண்டிக்கு முன்னால் நின்ற பாவாடை

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, "உன்னைப் படம் எடுக்கிறேன் வாடி" என்று சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவும் அதை நம்பி, தீபாவளிப் பாவாடை கட்டி, கன்னத்தில் பர்மியப் பெண்களைப் போல் தனாக்காப் பட்டை அரைத்துப் பூசி அனுப்புவாள். இன்சீன் ஊருக்கு அப்பால், இடிந்து கிடந்த பழைய ஸ்டேஷன் ஒன்றுக்கு ஓடு மாற்றி, சாயம் பூசிப் புதுமாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் என்னை நிறுத்துவார்.

வெயிலானாலும் கூட்ஸ் வண்டி வரும்வரை நிற்க வேண்டும். "பின்னாடி வண்டி வந்தாத்தாண்டி படம் எடுப்பா இருக்கும்." எங்கே காட்டுங்கள் என்றால், "பிரிண்டு போட்டுத் தரேன்" என்று மழுப்புவார். நானும் வாரக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்!

ஒரு ஞாயிறு, சீருடைக் காவலர் ஒருவர் வந்து மாமாவை மறித்தார். ரயிலைப் படம் எடுக்க யாரைக் கேட்டாய், ஆபீசுக்கு நட என்று பர்மியத்தில் அதட்டினார். ஆபீசுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

மாமா குழைந்தார். "ரயிலா? ஐயோ ஊலே, பெரியவரே, அக்கா மகளைத்தான் எடுத்தேன்."

காவலர் காமிராவை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நானும் எக்கிப் பார்த்தேன். இஞ்சின். எண்ணெய் டாங்கி. சிமெண்ட் மூட்டை. மறுபடியும் இஞ்சின். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓரமாக என் ரிப்பன்.

அடப்பாவி மாமா! வீறிட்டேன். "பொய்! என்னை ஒண்ணுகூட எடுக்கலை!" தமிழில் கத்தினால் அவருக்குப் புரியாதே என்று, அதையே பர்மியத்திலும் சொல்லித் தேம்பினேன். தனாக்கா கரைந்து வழிந்தது.

காவலர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்ததே கோபம்! பச்சைப்பிள்ளையைச் சிங்காரித்துக் கூட்டிவந்து இப்படியா ஏமாற்றுவாய் என்று பொரிந்து தள்ளினார். ரயில் படங்களை எல்லாம் தன் கண்ணெதிரே அழிக்கச் சொன்னார். என் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, படியில் நிற்க வைத்து, இப்போது எடு என்றார். மாமா எடுத்தார். காமிராவைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போ என்று விரட்டினார்.

நியாயம் என்றால் இதுதான் என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பும் ரயிலில் மாமா காமிராவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்தார். பறிபோன படங்களுக்காக அழட்டும், நன்றாக வேண்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்கே நான் மறுபடியும் அந்தக் காவலரிடம் ஓடிவிடுவேனோ என்றுதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.